இடம் மாறிக்கொண்டே இருந்த ஊசி

திருத்தணியில் எனக்கு ‘பிசிக்ஸ் டீச்சர்’ என்று பெயர். முப்பத்தோரு வருடம் சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், கதிர்வீச்சுப் பிரிவில் இயற்பியலாளராக வேலை பார்த்தேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு மணி நேரம்கூட நின்று பாடம் எடுத்ததில்லை. தெருவில் யாரோ கேட்டபோது “ஆஸ்பத்திரியில பிசிக்ஸ் பாக்கறேன்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் யாராவது ஒரு அம்மா, பிள்ளையைக் கையோடு இழுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார். “இதுல மட்டும் போய்ட்ச்சு டீச்சர், கொஞ்சம் தள்ளி உட்ருங்க” என்பார். நானும் இரண்டு மூன்று பிள்ளைகளைத் தள்ளி விட்டிருக்கிறேன்.

நம் வேலை என்னவென்று வெளியில் யாருக்கும் தெரியாது என்பதற்காக இதைச் சொன்னேன். அதில் ஒரு சௌகரியம் உண்டு. நாம் தப்பு செய்தாலும் வெளியில் தெரியாது. டாக்டர் தப்பு செய்தால் ஊரே பேசும். நாம் தப்பு செய்தால் கணினிக்குள்ளேயே புதைந்து கிடக்கும். ஆகவே நாமாக வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். கணக்கு, மென்பொருள், கருவி இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் பேசினால் சிரிப்பீர்கள். நான் ஒரு சமையல்காரரைப் பற்றிச் சொல்கிறேன். இதற்கும் சிரிப்பீர்கள். பரவாயில்லை, இதில் சிரிக்க வேண்டியது என்னைப் பார்த்துத்தான்.

அவர் பெயர் ஏகாம்பரம். கே.ஜி.கண்டிகைக்காரர். திருத்தணி மலைக்குக் கீழே உள்ள கல்யாண மண்டபங்களில் சமையல். முகூர்த்த நாளில் எங்கள் ஊரில் ஒரு மண்டபம் சும்மா இருக்காது. அதில் பாதிப் பந்திகளில் அவர் சாம்பார்தான் ஓடும். என் மகள் கல்யாணத்துக்கும் அவர்தான். வயது அறுபத்தைந்து. அவருடைய வயிறு அவருக்கு ஒரு அடி முன்னால் நடந்து போகும். சொன்ன நேரத்துக்கு இலை போடாமல் இருந்ததில்லை. அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். ஆரம்பக் கட்டம், சுரப்பியைத் தாண்டவில்லை. எங்கள் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு உள்கதிர்வீச்சு செய்யலாம் என்றார். மயக்க ஊசி போட்டு, சுரப்பிக்குள் மெல்லிய குழல் ஊசிகளைச் செருகி, அவற்றின் வழியாகக் கதிரியக்க மணி ஒன்றைச் சில நிமிடம் உள்ளே அனுப்பித் திரும்ப எடுத்துவிடும் சிகிச்சை. இரண்டே முறை வந்தால் போதும். ஊசி என்றதும் பலர் முகம் வெளுத்துவிடும். இவர் முகம் மலர்ந்தது.

“ஊசிதானே டீச்சரம்மா? ஆடிக் கிருத்திகைக்கு ஒடம்பு பூரா கொக்கி மாட்டி, நூத்தியெட்டு எலுமிச்சம்பழம் தொங்க உட்டுகினு மலை ஏறனவன் நானு. குத்தச் சொல்லுங்க.”

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். சுரப்பி ரொம்பப் பெரிதாக இருந்தால் இந்தச் சிகிச்சை சரிப்படாது, தினமும் வந்து வெளியிலிருந்து கதிர்வீச்சு வாங்க வேண்டியிருக்கும், வாரக்கணக்கில், என்று பெரிய டாக்டர் சொன்னதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

“தினம் ரயில் ஏறி வான்னா நம்மளால ஆவாது சார். முகூர்த்தத்துக்கு வாக்கு குடுத்துட்டேன். ரெண்டு தபா வந்து போற வைத்தியம்னா வரேன். இல்லன்னா உட்ருங்க. மலைமேல கீறவன் பாத்துக்குவான்.”

பெரிய டாக்டர் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தார். எனக்குத் தெரியும், அது விளையாட்டு இல்லை. அந்த மனிதர் இரண்டு முறை வருவார், அல்லது வரவே மாட்டார். வராவிட்டால், குணப்படுத்தக்கூடிய ஒரு நோயோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார். எல்லாம் அந்தச் சுரப்பி எத்தனை பெரிது என்பதில் வந்து நின்றது.

முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ஆசனவாய் வழியாகப் பார்க்கும் எங்கள் அல்ட்ராசவுண்ட் கருவி பழுதாகி பெங்களூர் போயிருந்தது. சி.டி.யில் நான் விளிம்பு வரைந்து அளந்தேன். பெரிய டாக்டர் வைத்திருந்த வரம்பைத் தாண்டியது. இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். சி.டி. எலும்பையும் உலோகத்தையும் காட்டுவதில் கெட்டி. ஆனால் புராஸ்டேட் எங்கே முடிகிறது, பக்கத்துத் தசை எங்கே தொடங்குகிறது என்று அதில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வரைகிறவருக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் கோடு வெளிப்பக்கமாகத்தான் போகும், விட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில். கடைசியில் பார்த்தால் சுரப்பி உள்ளதைவிடப் பெரிதாக நிற்கும்.

“இது பெரிசாக் காட்டும். எம்.ஆர்.ஐ. பாக்காம இவருக்கு முடியாதுன்னு சொல்லக் கூடாது” என்றார் பெரிய டாக்டர். எம்.ஆர்.ஐ.யில் சுரப்பியின் உறை தனியாகத் தெரியும். எனக்கும் அதே எண்ணம்தான். அதோடு நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

ஆனால் சி.டி. எடுத்த குறுக்குவெட்டுப் படங்களில், மேலே உள்ள ஒன்றைப் பார்த்துவிட்டேன். இடுப்பு மட்டத்தில், வலப்பக்கம் பின்னால், சதைக்கு நடுவில் பளீரென்று ஒரு வெள்ளை. சுற்றிலும் நட்சத்திரம்போலக் கோடுகள். உலோகம். சுண்டுவிரல் நகத்தின் நீளம் இருக்கும்.

வேறு யாராக இருந்தாலும் “இது என்ன?” என்று கேட்டிருப்பார்கள். நான் திருத்தணிக்காரி. எனக்குக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஆடிக் கிருத்திகை, கொக்கி, எலுமிச்சம்பழம் எல்லாம் ஒரே நொடியில் ஒன்றுசேர்ந்தன. வெளியில் உட்கார்ந்திருந்தவரிடம் போய் நான் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன். கேள்வி எப்படிக் கேட்கக் கூடாது என்பதற்கு இது உங்களுக்கு உதவும்.

“அண்ணா, அலகு குத்தும்போது எப்பவாவது ஒரு கொக்கி உடைஞ்சு உள்ளயே தங்கிடுச்சா?”

அவர் யோசித்தார். கூரையைப் பார்த்தார். “ஆங்... ஒரு தபா கழட்டி எண்ணிப் பாத்தப்ப ஒண்ணு கொறஞ்சுதும்மா” என்றார்.

எனக்கு வேறென்ன வேண்டும்? கோப்பின் மேல் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘உடலுக்குள் உலோகம். எம்.ஆர்.ஐ. செய்யக் கூடாது.’ அந்தக் காந்தம் இரும்பைக் கண்டால் விடாது, உடம்புக்குள் இருந்தாலும் இழுக்கும். ஆகவே எழுதியது சரிதான். எழுதிய விஷயம்தான் பொய்.

எம்.ஆர்.ஐ. இல்லை என்றால் சி.டி. அளவுதான் செல்லும். சி.டி. அளவு செல்லுமென்றால் இரண்டு முறை வைத்தியம் கிடையாது. என் சிவப்பு மை அந்த மனிதரை வாசலைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அது எனக்கே புரிந்ததால், கொக்கியை எடுத்துவிட முடியுமா என்று பார்க்க ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன்.

எக்ஸ்ரேயில் கொக்கி இடப்பக்கம் இருந்தது.

படத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறோமா என்று பார்த்தேன். இல்லை. இடம், வலம் குறி மாறியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒரே வாரத்தில் கொக்கி முதுகின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போயிருக்கிறது. உடனே எம்.ஆர்.ஐ. அறை டெக்னீஷியனைக் கூப்பிட்டு, கையில் பிடித்துத் தடவும் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியால் பார்க்கச் சொன்னேன். கண்டிப்புக்குப் பெயர்போன பையன். கவுனுக்கு மேலாக முதுகில் தடவினான், சத்தம் இல்லை. முன்பக்கம், அடிவயிற்றில் வைத்தான். கருவி அலறியது. அவன் இரண்டடி பின்னால் போய் நின்றான்.

“மேடம், அது முன்னாடி வந்துடுச்சு!”

அந்த நிமிடம் கவுனை ஒரு விரலால் தூக்கிப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ‘உடலுக்குள்’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பதை யார் வெளியே தேடுவார்கள்? ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு எல்லோரும் கோப்பைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்த நாள் கூட்டம் போட்டோம். நான் போர்டில் ஒரு முதுகை வரைந்து, எங்கள் ஊரில் அலகு எப்படிக் குத்துவார்கள், கொக்கி எத்தனை ஆழம் போகும், சதைக்குள் எப்படி நகரும் என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். பிசிக்ஸ் டீச்சர் என்ற பெயரை அன்றைக்குத்தான் நியாயப்படுத்தினேன். பயிற்சி டாக்டர் ஒருவர் ஒரு கட்டுரைக்குத் தலைப்பே எழுதிவிட்டார்: ‘உடலுக்குள் பயணம் செய்யும் வழிபாட்டு ஊசி: ஓர் அரிய நேர்வு.’ ஒரே கோணத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் பொருள் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாது, உள்ளேயா வெளியேயா என்றுகூடத் தெரியாது. இதை வருடாவருடம் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அன்று அந்த அறையில் இதை நினைவுபடுத்த யாரும் இல்லை, நான் உட்பட.

அறுவை சிகிச்சை டாக்டர் வந்து பார்த்தார். சிறுநீர்ப் பைக்குப் பக்கத்தில் இரும்பு சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால் விட்டுவைக்க முடியாது, வயிற்றைத் திறந்து தேடிவிடலாம் என்றார். ஏகாம்பரம் அண்ணா வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பத்து நாளில் அவரும் உள்ளே கொக்கி ஊசி இருப்பதை முழுசாக நம்பிவிட்டிருந்தார். “முருகனுக்கு என்ன உட மனசில்ல போல, உள்ளயே சுத்திகினு கீறான்” என்று பக்கத்து நோயாளியிடம் கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னாராம். கத்தி என்ற சொல் காதில் விழுந்ததும் டீ குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனார். திரும்பி வரவில்லை.

போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது. அவர் மனைவியின் எண்ணுக்குப் போட்டேன்.

“மாமா மண்டபத்துக்குப் போய்ட்டாரும்மா. இனிமே ஆஸ்பத்திரின்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்ட்டாரு” என்றார் அந்த அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க சொன்னா கேப்பாரு. வந்து சொல்லுங்கம்மா” என்று அழுதார்.

மறுநாள் லீவு போட்டேன். முப்பத்தோரு வருடத்தில் ஒரு நோயாளியைத் தேடிப் போக லீவு போட்டது அதுதான் முதல் தடவை. வருத்தமும் கோபமும் கலந்து இருந்தது. கோபம் அவர்மேல் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தின் பின்கட்டில் சமையல் நடந்துகொண்டிருந்தது. நான் கதவோரம் நின்றேன். ஏகாம்பரம் அண்ணா என்னைப் பார்க்கவில்லை. தலையில் துண்டு, வெற்றுடம்பு, வயிற்றுக்கு அடியில் மடித்துக் கட்டிய வேட்டி. ஆள் உயரக் கரண்டியால் அண்டாவில் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தார். கிண்டுவதற்குக் குனிந்தபோது முதுகுப் பக்கம் இடுப்பில் ஒரு மடிப்பு விரிந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு வெளியே வந்தது. அதில், வலப்பக்கம், ஒரு தாயத்து.

சுண்டுவிரல் நகத்தின் நீளம்.

“கொத்தமல்லி எங்கடா?” என்று அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினார். தாயத்து இடப்பக்கம் வந்தது. நிமிர்ந்து நின்று வயிற்றைத் தடவினார். மடிப்பு மூடிக்கொண்டது, தாயத்து முன்பக்கமாக நழுவி வயிற்றுக்கு அடியில் காணாமல் போனது. வலம், இடம், முன்புறம். நான் எடுத்த மூன்று சாட்சியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக என் கண் முன்னால் சாம்பார் கிண்டின.

நான் அங்கிருந்த காய்கறிக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டார்.

“இன்னா டீச்சரம்மா, இந்தப் பக்கம்? கூப்புட்டு வரச் சொன்னாங்களா? நான் வரமாட்டேன்.”

“அண்ணா, இடுப்புல இன்னா அது?”

“எது?”

“கயித்துல.”

குனிந்து பார்த்தார், வயிறு மறைத்தது, கையால் தேடிப் பிடித்தார். “இதுவா? தாயத்து. ஏழு வயசுல மஞ்சக்காமாலை வந்து பொழைக்க மாட்டேன்னு உட்டாங்க. அப்ப எங்கம்மா கட்னது.”

“இதோடவா ஸ்கேன்ல படுத்தீங்க?”

“பின்ன? இத எங்க வெச்சிட்டு வர்றது?”

“எல்லாத்தையும் கழட்டுங்கன்னு சொன்னாங்க இல்ல?”

“கழட்னேனே! மோதிரம், வாட்ச்சு, கழுத்துல கெடந்த வேலு. பல்லு செட்டுகூடக் கழட்டிக் குடுத்தேன். இதக் கழட்டுன்னு யாரும் சொல்லல. உடம்புக்குள்ள இரும்பு கீதான்னுதான் கேட்டீங்க. இது வெளியதான கீது?”

“இது இடம் மாறுமா?”

“அது சுத்திகினேதான் இருக்கும். படுத்தா முதுகுல குத்துது, தள்ளி உட்டுக்குவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் அழுகை வந்தது. இல்லாத ஊசிக்காக இந்த மனிதரின் வயிற்றைத் திறக்கக் கிளம்பினோம். அதுவும் என் பேச்சைக் கேட்டு. அவருடைய வலக்கை கரண்டியோடு அப்படியே நின்றது. “அப்ப அந்த ஊசி?” என்று கேட்டார்.

“ஊசியே இல்லண்ணா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க.”

“எண்ணிக்கைல ஒண்ணு கொறஞ்சுதே?”

“வழியில எங்கனா உழுந்திருக்கும்.”

அவர் முகத்தில் நிம்மதி வந்தது. கூடவே கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது, அதை நான் பார்த்தேன்.

அங்கிருந்தே பெரிய டாக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.  நான் முடித்ததும் அவர், “இப்போ அது எங்கே இருக்கு?” என்று மட்டும் கேட்டார். “கல்யாண மண்டபத்துல சார்” என்றேன். அந்தப் பக்கம் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டது அபூர்வம். கட்டுரைத் தலைப்பு எழுதியவர் மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இனி எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம், தாயத்தைக் கழற்றினால் போதும் என்று நினைத்தேன். அது அத்தனை சுலபமாக நடக்கவில்லை. மெழுகு வைத்து அடைத்த தாயத்து; உள்ளே என்ன உலோகம் இருக்கிறதென்று கட்டிய அம்மாவுக்கே தெரிந்திருக்காது. காந்த அறைக்குள் அதை விட முடியாது. ஆனால் கழற்றச் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது.

“அரைஞாண அறுக்கறது பொணத்துக்குத்தாம்மா.”

எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோர் இடுப்பிலும் இருப்பதுதான். மாற்ற வேண்டுமென்றால் புதுக் கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதை எடுப்பார்கள், இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருக்காது. அதைச் சொன்னேன்.

“கயிறு மாத்தறது வேற. தாயத்து எறங்கறது வேற. கயிறு மாத்தும்போதுகூட அத இடுப்போட புடிச்சிக்குவேன். எங்கம்மா கட்னதுலேர்ந்து அது என் ஒடம்ப உட்டு எறங்கனதே இல்ல.”

இந்த இடத்தில் நான் அறிவியல் பேசியிருந்தால் அவர் மறுபடி சாம்பார் பக்கம் திரும்பியிருப்பார். எனக்கு வாயில் வந்தது வேறு.

“என் கையில குடுங்கண்ணா. நீங்க வெளிய வர்ற வரைக்கும் நான் வெச்சிகினு நிக்கறேன்.”

அவர் கரண்டியை அண்டாவில் சாய்த்து வைத்தார். “கீழ வெக்கக் கூடாது” என்றார்.

“வெக்க மாட்டேன்.”

மறுநாள் மலையடிவாரக் கடையில் கயிறு வாங்கப் போனேன். சில கயிறுகளில் ஜிகினா இழை கலந்திருக்கும். அதனால் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துப் போய் ஒவ்வொரு கயிறாக வைத்துப் பார்த்தேன். காந்தத்தில் ஒட்டாத உலோகமும் உண்டு என்பதால் நகத்தால் கீறியும் பார்த்தேன். “இன்னாம்மா, கயித்துல போயி இரும்பத் தேடறீங்க?” என்றார் கடைக்காரர். “எல்லாம் ஒரு அனுபவம்தான்” என்றேன்.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் புதுக் கயிற்றை அவரே கட்டிக்கொண்டார். பிறகு பழையதைக் கத்தரித்தார்.  தாயத்தை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடிவிட்டார். டெக்னீஷியன் கருவியால் தலைமுதல் கால்வரை தடவினான். சத்தமே இல்லை. இந்த முறை கவுனைத் தூக்கியும் பார்த்தான்.

நாற்பது நிமிடம். எனக்குச் சாமி, தாயத்து எதிலும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நாற்பது நிமிடம் நான் உட்காரவில்லை, போனை எடுக்கவில்லை, யாரோ நீட்டிய காபியை வாங்கவில்லை. உள்ளங்கை வேர்த்தது. பயந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருடைய உயிர் நான் போடும் கணக்கில் இருந்திருக்கிறது. ஒருவருடைய உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது அன்றுதான். இப்போது இவருக்கு ஏதாவது ஆனால் அது தாயத்தால் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் மனைவிக்குத் தெரியாது. அந்த அம்மா எதிரில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் வர வர, உள்ளே பெரிய டாக்டர் அளந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். சுரப்பி வரம்புக்குள் இருந்தது. சி.டி.யில் நான் வரைந்ததில் கணிசமான பகுதி பக்கத்துத் தசை.

ஏகாம்பரம் அண்ணா வெளியே வந்தார். முதலில் என் கையைத்தான் பார்த்தார். விரித்துக் காட்டினேன். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, புதுக் கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்ட பிறகுதான் பேசினார்.

“சின்னதாத்தான் கீதுண்ணா, ரெண்டு தடவையே போதும்” என்றேன்.

“அதெப்படிம்மா? அந்த மிஷின்ல பெரிசு, இந்த மிஷின்ல சின்னது? ஒரே பூசணிக்கா, ரெண்டு கடையில ரெண்டு எடையா?”

“அந்தக் கடையில கூடையோட சேத்து எடை போட்டுட்டோம்.”

அவர் சிரித்தார். பிறகு சட்டென்று, “பயந்துட்டீங்களா டீச்சரம்மா? கை வேத்திருக்குது” என்றார்.

“ஆமாண்ணா. ரொம்ப.”

“நானுந்தான். கத்திக்கு மட்டும் ஓடல. மொதல்லேர்ந்தே பயம். முகூர்த்தம், வாக்குன்னு சொன்னதெல்லாம் சும்மா.” புதுக் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டார். “தேதி சொல்லும்மா. வரேன்.”

சொன்னேன். இரண்டு முறையும் வந்தார். மூன்று வருடம் ஆகிறது, ரத்தப் பரிசோதனை எண்கள் அடங்கிக் கிடக்கின்றன. நோயாளியைப் படம் எடுப்பதற்கு முன் ஒருமுறை நேரில் பாருங்கள், பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்காதீர்கள், தெரிந்த விஷயம் என்று தோன்றினால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதி முடிக்கலாம். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது சிகிச்சையின் முதல் நாள் காலை.

எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார், கையில் பெரிய தூக்குப் பாத்திரம். திறந்து பார்த்தேன். ஆவி பறக்கிற சாம்பார் சாதம். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“வெறும் வயித்தோட வரணும்னு எத்தினி தடவ சொன்னேன்? மயக்க ஊசி போடணும்! இத சாப்ட்டீங்களா?”

“ஐய, நான் பச்சத் தண்ணிகூடக் குடிக்கலம்மா” என்றார் அவர், பாத்திரத்தை என் பக்கம் தள்ளிக்கொண்டே. “இது உங்களுக்கு. அன்னைக்கு உக்காராம நின்னீங்களே.”